வளர்த்த உயிர்களைப் பற்றிய பாடல்கள்: முதியோர் கூடும் இடத்தில் எதைப் பாடலாம், எப்படிப் பாடலாம்?

மாலைக்கச்சேரி:
வணக்கம். முதியோர் சேர்ந்து பாடும் மாதக் கூட்டம் ஒன்றை நாங்கள் சிலர் நடத்துகிறோம். வருகிறவர்கள் 62 முதல் 85 வயது வரை. அடுத்த கூட்டத்தில் நாய், பூனை, மாடு, யானை என வளர்த்த உயிர்களைப் பற்றிய பாட்டுகளை மட்டும் 40 நிமிடத்துக்கு வைக்கலாம் என்று பேச்சு. எந்தப் பாட்டுகளை எடுப்பது? பாடும்போது தொண்டை அடைத்தால் என்ன செய்வது? காது மந்தமானவர்களுக்கும் வரி விளங்க வேண்டுமே, அதற்கு என்ன வழி? வயது ஏற ஏற இந்தப் பாட்டுகள் ஏன் இவ்வளவு ஆழமாகப் போய்த் தொடுகின்றன என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பழைய இசைத்தட்டு:
கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றவை தானாகச் சரியாகும். நாய்க்கு ஆயுள் பத்திலிருந்து பதின்மூன்று வருஷம். அதனால் மூன்று சரணத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடலாம்: குட்டியாக வந்தது, கூடவே ஓடியது, கண் மங்கிப் படுத்தது. காதல் பாட்டுக்கு இந்த வசதி கிடையாது. சின்ன வயதில் கேட்கிறவர் முதல் சரணத்தில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவருக்கு மூன்றாவது சரணம் என்னவென்று முன்பே தெரியும், ஆகவே முதல் சரணத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. பாடுகிறவர்கள் இதை மறந்துவிட்டுக் கடைசிச் சரணத்தில் போய்க் குரலை அழுத்துகிறார்கள். அங்கே அழுத்தத் தேவையே இல்லை.

அமெரிக்கப் பாடகர் ரெட் ஃபோலி 1930-களில் எழுதிய 'ஓல்ட் ஷெப்' (ஷெப் என்பது நாயின் பேர்) இதற்கு மூல வடிவம் மாதிரி. சிறுவனும் குட்டியும், பிறகு கிழநாய், கைவிட்ட வைத்தியர், துப்பாக்கியை எடுத்துவிட்டுச் சுட முடியாமல் நிற்கும் எஜமான். நாய் தானே வந்து அவன் முழங்காலில் தலையை வைக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி 1945-இல், பத்து வயதில், டூப்பலோ ஊர்ச் சந்தை மேடையில் பாடியது இந்தப் பாட்டைத்தான். 1956-இல் தன் இரண்டாவது ஆல்பத்துக்காக அதைப் பதிவு செய்தார். பியானோவும் அவரே. அந்தப் பதிவைக் கேளுங்கள்: கடைசிச் சரணத்தில் குரல் ஏறவே ஏறாது. மூன்று எண்ணிக்கைத் தாளம், நம் காதுக்குத் திஸ்ர நடை. தாலாட்டின் ஆட்டமும் அதில் இருக்கிறது, தளர்ந்த நடையும் இருக்கிறது.

'மிஸ்டர் போஜாங்கிள்ஸ்' (ஜெரி ஜெஃப் வாக்கர், 1968) வேறு மாதிரி. சிறையில் ஆடிக் காட்டும் ஒரு கிழவரைப் பற்றிய பாட்டு அது, நாய் அதில் ஓரிரு வரிதான். பதினைந்து வருஷம் கூடவே திரிந்த நாய் செத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது, இன்னும் அழுகிறார். கூட இருந்த காலத்தை விடத் துக்கத்தின் காலம் நீண்டுவிட்டது. முப்பது வயதுக்காரருக்கு இது மிகைப்படுத்தலாகத் தோன்றும். எழுபது வயதுக்காரருக்குச் சாதாரணக் கணக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகப் போய்ச் சேர்வது 'ஹாத்தி மேரே சாத்தி' (1971). இந்திப் படம்தான், ஆனால் எடுத்தவர் சாண்டோ சின்னப்பா தேவர், இயக்கியவர் எம்.ஏ.திருமுகம். மறு வருஷமே எம்.ஜி.ஆர். நடிப்பில் 'நல்ல நேரம்' என்று தமிழில் வந்தது. இந்திப் படத்தில் யானை இறந்ததும் வரும் முகமது ரஃபியின் பாட்டை, மொழி புரியாமலே நம் கொட்டகைகளில் கேட்டுக் கலங்கிய தலைமுறைக்கு இப்போது அறுபதும் எழுபதும். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுதான் நினைவில் உறுதியாக நிற்கும். உங்கள் கூட்டத்தில் யார் எந்த வருஷம் பிறந்தவர் என்று பார்த்துவிட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கால்நடைக் கைராசி:
கால்நடை மருத்துவத்தில் இருப்பவன் என்கிற முறையில் இரண்டு விஷயம்.

'ஓல்ட் ஷெப்' பாடுவதாக இருந்தால், துப்பாக்கி வரும் இடத்தை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் யாராவது தன் நாய்க்குக் கடைசி ஊசி போடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவராக இருப்பார். அந்தக் குற்றவுணர்வை யாரிடமும் பேசியிருக்க மாட்டார். பாட்டு நேராக அங்கே போய்க் குத்தும். முடிந்த பிறகு அப்படிப்பட்டவர்கள் மெதுவாக வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அதுக்கு வலிச்சிருக்குமா?" சரியான பதிலைத் தெரிந்து வைத்திருங்கள். முறையாகச் செய்தால் முதலில் அசத்தும் மருந்து போடுவோம், அது மயங்கிய பிறகு ரத்த நாளத்தில் அளவுக்கு மீறிய மயக்க மருந்து. ஓரிரு நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரும், கால் லேசாகத் துடிக்கலாம். பார்க்கிறவர்கள் அதை வேதனை என்று எண்ணிக்கொண்டு வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். அது தசையின் அனிச்சைச் செயல். உணர்வு அதற்கு முன்பே போய்விட்டது.

இன்னொன்று, பாட்டுகளில் "கண் மங்கியது" என்று வந்தாலே நாய்க்கு முடிவு வந்துவிடுகிறது. ஏழு எட்டு வயதுக்கு மேல் நாயின் கண்மணியில் நீலச் சாம்பல் படர்வது பெரும்பாலும் வில்லை கெட்டிப்படுவதால்தான். பார்வை போவதில்லை. கண்புரையாகவே இருந்தாலும், மோப்பத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நன்றாகவே நடமாடும், நாற்காலி மேசையை இடம் மாற்றாமல் இருந்தால் போதும். வயதான நாயை இப்போது வைத்திருப்பவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் பயந்து போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வைகைக்கரை:
எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. எண்பது வயதுக்காரர்களை உட்கார வைத்துச் சாவுப் பாட்டு பாடுவானேன்? அவர்களுக்கு இழப்பு போதாதா? சந்தோஷமான பாட்டாகவே நாற்பது நிமிஷமும் பாடலாமே.

பழைய இசைத்தட்டு:
அக்கறை புரிகிறது. ஆனால் நாய் செத்ததற்கு அழ நம் ஊரில் பெரியவர்களுக்கு இடமே கிடையாது. மனுஷன் செத்தால் பந்தல் உண்டு, பதினாறாம் நாள் உண்டு. நாய்க்கு அழுதால் "இதுக்குப் போயா?" என்று கேட்பார்கள். மாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு: மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, ஊரே கூடி அடக்கம் செய்வதும் பெண்கள் ஒப்பாரி வைப்பதும் இன்றும் நடக்கிறது. மற்ற உயிர்களுக்கு அந்த இடத்தைப் பாட்டுதான் தருகிறது. சந்தோஷப் பாட்டு மட்டும் பாடினால் அவர்கள் கைதட்டிவிட்டு, அழுகையை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

மருத்துவத் தாதி:
முதியோர் பராமரிப்பில் வேலை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த முதியவர் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல நினைவோடு இருப்பவர்களுக்குச் சோகப் பாட்டு கெடுதல் செய்வதில்லை. மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே சமயத்தில் வருவது வயதோடு கூடுகிறது. அழுதுகொண்டே சிரிப்பார்கள். பாட்டு முடிந்து பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் தன் நாயின் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

மறதி நோய் உள்ளவர்கள் விஷயம் அப்படியல்ல. அவர் மனதில் அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கலாம். சாவுப் பாட்டு அவருக்குச் செய்தியைப் புதிதாகச் சொல்கிறது. அரை மணி நேரம் கழித்து எதற்கு அழுகிறோம் என்று தெரியாது, கலக்கம் மட்டும் மிஞ்சும். "மணி எங்கே?" என்று தன் நாயைத் தேடிக் கேட்டால் "செத்துப்போச்சே, மறந்துட்டீங்களா?" என்று சொல்லாதீர்கள். "மணியைப் பத்திச் சொல்லுங்க, என்ன நிறம்?" என்று கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் கூட்டத்தில் இருந்தால் சாவு வரும் பாட்டைப் பின்பாதியில் வைத்து, இடைவேளையில் அவர்களை வேறு அறைக்கு அழைத்துப்போய்விடுவது நல்லது.

பக்கவாதம் வந்தவர்களையும் கவனியுங்கள். பாட்டில் ஒன்றும் சோகமே இல்லாத இடத்தில் திடீரென்று குலுங்கி அழுது, சட்டென்று நின்றுவிட்டால், அது மனத்துயரமாக இருக்காது. மூளையில் அழுகையைக் கட்டுப்படுத்தும் தொடர்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மருந்து உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பாட்டு கேட்டபின் இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதுதான்.

சுருதிப்பெட்டி:
தொண்டை அடைப்புக்கு வருகிறேன். துக்கம் வரும்போது உடம்பு நிறையக் காற்றை இழுக்கக் குரல்வளையை அகலத் திறந்து வைக்கப் பார்க்கும். பாடுவதற்கு அது மூட வேண்டும். இரண்டும் மோதும்போது வருவதுதான் அந்தக் கட்டி. விழுங்கினால் இன்னும் இறுகும். அதனால் அந்த இடத்தில் எச்சிலை விழுங்காதீர்கள். வாயைச் சற்றுத் திறந்து மூச்சை முழுசாக வெளியே விடுங்கள், பிறகு புதிதாக இழுங்கள். அடைத்துக்கொண்டால் எல்லோரும் செய்வது, இருக்கிற காற்றுக்கு மேல் இன்னும் காற்றை அடைப்பது. அதனால்தான் குரல் உடைகிறது.

பயிற்சியில் செய்ய வேண்டியது: எந்த வரியில் உடைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே வரிதான். அந்த வரியை மட்டும் முதலில் வாய் மூடி ம்-காரத்தில், பிறகு அகாரத்தில், பிறகு சொல்லோடு, தினமும் பத்துத் தடவை. சொல் வாய்க்குப் பழகிவிட்டால் மனம் கலங்கினாலும் வாய் வேலை செய்யும். மேடையில் அந்த வரி வரும்போது யார் முகத்தையும் பார்க்காமல் கடைசி வரிசைக்கு மேல் சுவரைப் பாருங்கள். இத்தனைக்கும் மீறி உடைந்தால் அந்த வரியைப் பேசிவிடுங்கள், ஆர்மோனியம் மட்டும் ஓடட்டும். பேசிய வரியைக் குறை சொன்னவர் யாரும் கிடையாது.

சுருதியை இறக்குங்கள் (கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதியைக் குறிக்கும் எண், எண் கூடினால் சுருதி ஏறும்). 2 கட்டையில் பாடுகிற ஆண் 1 கட்டைக்கு வரட்டும். 5 கட்டைப் பெண்மணி 4 கட்டைக்கு வரட்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண் குரல் கனத்து இறங்கும், மேல் ஸ்தாயியில் பழைய வலு இருக்காது. ரஃபி பாட்டை மூலச் சுருதியில் பாட முயன்றால் மேல் சட்ஜமத்தில் (மேல் 'ஸ') குரல் இறுகும். அந்த இறுக்கத்தைக் கேட்பவர்கள் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சிரமம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மூச்சையும் பாருங்கள். எழுபது வயதில் ஒரு மூச்சுக்கு நாலைந்து விநாடி வசதி. அதைத் தாண்டும் வரிகளை இரண்டாக வெட்டி மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளிலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். நிறுத்தம் சொல்லின் நடுவில் விழக் கூடாது.

ஆர்மோனியக் கட்டை:
மேலே சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. 2-லிருந்து 1-க்கு இறங்கினால் இரண்டு அரைச்சுரம் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்த கட்டைக்கு ஒரு அரைச்சுரம்). ஆனால் 4-லிருந்து 3-க்கு இறங்கினால் ஒரே அரைச்சுரம்தான், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. "ஒரு கட்டை குறைச்சாச்சே, இன்னும் ஏன் எட்டலை?" என்று 4 கட்டைக்காரர்கள் குழம்புவது இதனால்தான். அவர்கள் 2.5-க்கு (2-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை) வந்தால் முழு இரண்டு அரைச்சுரம் கிடைக்கும்.

ஒலிவாங்கி:
காது விஷயம். வயதால் வரும் செவிக்குறை முதலில் மேல் அதிர்வெண்ணைத்தான் தின்னும். உயிரெழுத்து கேட்கும், ச, த, ப, க கேட்காது. ஆகவே "சத்தமே கேட்கலை" என்று சொல்ல மாட்டார்கள், "என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்பார்கள். இதற்கு ஒலியை ஏற்றுவது தீர்வு ஆகாது. உள்காது பழுதில் மெல்லிய சத்தம் கேட்காது, சற்றே கூட்டினாலும் காதைக் கிழிக்கும். அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

செய்ய வேண்டியது: மிக்ஸரில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் குறையுங்கள், 2.5-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபெல் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் ச-காரம் சீறும். எதிரொலி விளைவை முழுவதும் அணைத்துவிடுங்கள், பாட்டு இனிமையாவது போலத் தோன்றினாலும் வரி கரைந்துவிடும். ஒலிபெருக்கியை உட்கார்ந்தவர் காது உயரத்தில், தரையிலிருந்து 1.2 மீட்டரில் வையுங்கள். உத்தரத்தில் மாட்டியது வேண்டாம். கேட்பவர் இருக்கும் இடத்தில் 70-லிருந்து 75 டெசிபெல் போதும். மின்விசிறியை ஒரு படி குறையுங்கள், ஜன்னலில் திரை போடுங்கள். பின்னணி வாத்தியம் பாடகரின் குரலுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும், ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயி குரலை மூடிவிடும்.

காதுக்கருவி போட்டவர்களிடம் கருவியில் 'இசை' அமைப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பேச்சு அமைப்பில் இருந்தால் நீண்ட உயர்ந்த சுரத்தைக் கருவி தன் சொந்த ஊளைச் சத்தம் என்று எண்ணி அமுக்கும். சுரம் நடுங்குவது போலக் கேட்கும். ஹென்றி கிராஸ் 1976-இல் பாடிய 'ஷானன்' இதற்கு நல்ல உதாரணம். 'பீச் பாய்ஸ்' இசைக்குழுவின் கார்ல் வில்சனுடைய ஐரிஷ் செட்டர் இன நாய் வண்டியில் அடிபட்டு இறந்ததைப் பற்றியது. பல்லவி முழுக்க பொய்க்குரலில் மேலே நிற்கும். அந்தப் பாட்டின் உயிரே பல்லவியில்தான், கருவி அதைத்தான் சிதைக்கும்.

பழைய பதிவுகளை ஒலிக்கவிடுவதானால் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். உஸ்ஸென்ற சத்தத்தோடு மெய்யெழுத்தையும் அது சேர்த்துத் துடைத்துவிடும். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவும் வேண்டாம். யானை செத்த பாட்டு முடிந்த அடுத்த நொடி சோப்பு விளம்பரம் அலறினால் அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

வைகைக்கரை:
தாதி அம்மா சொன்ன பிறகு என் ஆட்சேபத்தில் பாதி குறைந்துவிட்டது. ஆனால் ஒப்பாரியை மேடையில் வைக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஈற்றை இழுத்துச் சேர்ந்துகொள்வதுதான் அதன் முறை. கூட்டத்தில் இருக்கும் பாட்டிமார்களால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது, சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்தால் காளைக்கு மட்டும் அழ மாட்டார்கள், புருஷனுக்கும் பிள்ளைக்கும் அழுவார்கள். நாற்பது நிமிஷத்தில் அதை முடித்து வைக்க யாராலும் ஆகாது.

சிந்துப்பாடம்:
இருக்கும் பாட்டு போதாது, சொந்தமாக ஒன்று எழுதலாம் என்று தோன்றினால், அதற்கும் வழி உண்டு. இந்த வகைப் பாட்டுகள் தோற்பது ஒரே காரணத்தால்: பெரிய சொல். பாருங்கள்:

*அன்பின் உருவே, எங்கள் செல்லமே,*
*எங்கே சென்றாய் எம்மை விட்டு?*

இது நாய்க்கும் பொருந்தும், தாத்தாவுக்கும் பொருந்தும், தலைவருக்கும் பொருந்தும். ஆகவே யாரையும் தொடாது. இப்போது இது:

*கம்பிக் கதவு கிறீச்சிட்டாக் காதை நிமித்துவியே,*
*கதவுக்கு எண்ணெய் போடலையே, இன்னும் நாங்க.*

இதில் அன்பு என்ற சொல் இல்லை, சாவு என்ற சொல்லும் இல்லை. எழுதும்போது மூன்றைத் தேடுங்கள்: அந்த உயிர் எந்தச் சத்தத்துக்குத் திரும்பும், வீட்டில் எந்த இடம் அதனுடையது, அது போன பிறகு வீட்டில் எதை யாரும் மாற்றவில்லை. முதல் சரணத்துக்கு முதலாவது, நடுச் சரணத்துக்கு இரண்டாவது, கடைசிக்கு மூன்றாவது. பேரைப் பல்லவியில் ஒரு தடவை சொன்னால் போதும். வரிக்கு வரி கூப்பிட்டால் நாலாவது தடவை பேர் வெறும் ஓசையாகிவிடும். சொர்க்கம், நட்சத்திரம், வானவில் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

மெட்டுக்கு: அடி ஒவ்வொன்றும் கீழ்நோக்கி இறங்கி சட்ஜமத்தில் அமரட்டும். கடைசி அடியை மட்டும் பஞ்சமத்தில் ('ப') நிறுத்துங்கள். கேட்பவர் மனம் மிச்சத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்.

மாலைக்கச்சேரி:
எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் வைத்து ஒரு வரிசை போட்டிருக்கிறேன். பாரதியின் பாப்பா பாட்டில் தொடங்குகிறோம், வாலைக் குழைத்து வரும் நாய் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து 'நல்ல நேரம்' படத்திலிருந்து துள்ளலாக ஒன்று. பிறகு ரஃபி பாட்டின் பதிவு. பிறகு 'மிஸ்டர் போஜாங்கிள்ஸ்', கதையைத் தமிழில் சொல்லிவிட்டு. இடைவேளை. பின்பாதியில் 'ஓல்ட் ஷெப்', 'ஷானன்' இரண்டும் அடுத்தடுத்து. சரியா?

பழைய இசைத்தட்டு:
கடைசி இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டாவது இறப்பு முதலாவதன் கனத்தைக் கரைத்துவிடும். 'ஷானன்' பல்லவியைப் பாட ஆள் வேண்டும், காதுக்கருவிச் சிக்கலும் இருக்கிறது, அதை எடுத்துவிடலாம். ரஃபி பாட்டையும் தாதி அம்மா சொன்ன காரணத்துக்காகப் பின்பாதிக்குத் தள்ளுங்கள். 'ஓல்ட் ஷெப்' முடிந்ததும் பத்து விநாடி யாரும் பேச வேண்டாம், கைதட்டலைத் தூண்டவும் வேண்டாம். அதற்கும் ரஃபிக்கும் நடுவில் உயிரோடு இருக்கும் ஒரு பிராணி வர வேண்டும். 'பீட்டில்ஸ்' குழுவின் பால் மெக்கார்ட்னி, ஆடு மேய்க்கும் இனத்து நாயான தன் மார்த்தாவின் பேரில் 1968-இல் எழுதிய 'மார்த்தா மை டியர்' இரண்டரை நிமிஷம்தான், உற்சாகமான பியானோ. பூனை வளர்த்தவர்கள் இருந்தால் அதற்குப் பதில் 'குவீன்' குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தன் பூனைக்குப் பாடிய 'டெலைலா'. 1991-இல், அவர் இறந்த வருஷம் வந்த ஆல்பத்தில் உள்ளது. அதே குழுவின் பிரையன் மே கிதாரிலேயே மியாவ் சொல்லியிருப்பார். நோயில் இருந்த மனிதர், தன் நாற்காலியை நனைக்கும் பூனையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பாடியது அது. எண்பது வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மருத்துவத் தாதி:
இடைவேளை கால் மணி நேரமாவது வையுங்கள். தண்ணீரும் காகிதக் கைக்குட்டையும் நாற்காலிக்குப் பக்கத்தில் முன்பே இருக்கட்டும். யாராவது எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தால், அழுகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாலைக்கச்சேரி:
மாற்றிவிடுகிறேன். வரிகளை அச்சடித்துக் கொடுக்கலாமா, திரையில் காட்டலாமா?

ஒலிவாங்கி:
தாள்தான். திரை என்றால் விளக்கை அணைக்க வேண்டிவரும். காது மந்தமானவர்கள் பாடுகிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதி வரியைப் பிடிக்கிறார்கள், பாடகர் முகத்தில் வெளிச்சம் வேண்டும். எழுத்து 18 புள்ளி, தடித்த எழுத்துரு, வெள்ளைத் தாளில் கறுப்பு, பளபளப்புத் தாள் கூடாது. ஒரு பாட்டுக்கு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் அச்சடித்தால் மூன்றாவது சரணம் தொடங்கும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் தாளைப் புரட்டுவார்கள், அந்தச் சரசரப்பு விழுவது சரியாக நாய் தலையை முழங்காலில் வைக்கும் வரியில்.